முடிசூடிய குடியரசு

ஒரு நாட்டின் அரசியல் யாப்பை இலக்கியச் சஞ்சிகையொன்றிலே விமர்சிப்பது பொருந்துமா என நண்பர் சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே நமது துணிபு. யாப்பு என்ற சொல்லே இலக்கணத்திலிருந்து அரசியலுக்குச் சென்ற சொல்லாகும். எழுத்தையும் அசையையும் சீரையும் கட்டி ஒழுங்கு செய்வது செய்யுள் யாப்பு. அதிகாரத்தைக் கட்டி ஒழுங்கு செய்வது அரசியல் யாப்பு. செய்யுளிலே தளை தட்டினால் ஓசை கெடும். அரசியலிலே அதிகாரத்துக்குத் தளை இல்லாதொழிந்தால் குடிகளின் வாழ்வே கெடும். பனுவல்களைப் படித்து அவற்றின் உட்பொருளை ஆராயும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் மாணவரும், தம் வாழ்வை ஆளும் பனுவலை மாத்திரம் வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டு வாளாவிருத்தல் தகாது.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு யாப்பு ஒரே கதாநாயகனைச் சுற்றிப் புனையப்பட்ட பனுவலாகும். ஏனைய பாத்திரங்கள் யாவும், மந்திரிகளும் பாராளுமன்றமும் ஓரளவுக்கு நீதிமன்றமுங்கூட, அந்நாயகனின் வரவையும் செலவையும் அறிவிப்பதற்காகவே மேடைக்கு வருகின்றன. தனிமனித வீரனே வரலாற்றை ஆக்குகிறான் என்ற கொள்கையை முற்போக்கு விமர்சகர்கள் இலக்கியத்திலே நெடுங்காலமாக எதிர்த்து வந்துள்ளனர். அரசியலிலோ நம்மிற் பலர், முன்னேற்றத்தை நாடுவோர் உட்பட, தேர்தலுக்குத் தேர்தல் ஒரு நல்ல நாயகனையே தேடி அலைந்துள்ளோம். இதுவரை அப்பதவியில் அமர்ந்தவர்களின் குணநலன்கள் பற்றிப் பேசப்பட்டவை ஏராளம். இப்பதவி எத்தேவையை முன்னிட்டு ஆக்கப்பட்டது, யாருக்குப் பயன்பட்டது என்ற வினாக்களே போதிய அளவு எழுப்பப்படாதவை. அவற்றையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

முதலிலே சொல்லை நோக்குவோம். பிரசிடென்ட் என்னும் ஐரோப்பியச் சொல்லின் இலத்தீன் வேர் ‘முன்னே அமர்தல்’ எனப் பொருள்படும். ஒரு சபைக்கு முன்னே அமர்ந்து அதன் நடவடிக்கைகளை ஒழுங்காக நடத்தி வைப்பவரே அச்சொல் குறித்த மனிதர்; நமது சனசமூக நிலையத்தின் தலைவரைப் போன்றவர். நாம் சூட்டிய பெயரோ ஜனாதிபதி, ஜனங்களுக்கு அதிபதி. சிங்களத்திலும் அதே சொல்தான். முன்னே அமர்பவர் என்ற பொருள் நமது கரையை அடைந்தபோது மேலே அமர்பவர் என்றாயிற்று. 1972ஆம் ஆண்டில் அப்பெயர் சூட்டப்பட்டபோது அது பெரும்பாலும் அலங்காரச் சொல்லாகவே இருந்தது. ஆறாண்டுகளின் பின்னரே அச்சொல் தன் முழுப் பொருளையும் பெற்றது.

சுதந்திரத்துக்குப் பின்னர் 1972 வரை இந்நாட்டில் ஆங்கிலேய முடியின் பிரதிநிதியாக மகாதேசாதிபதி ஒருவர் இருந்தார். பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி ஒப்பமிடுவதே அவருடைய பெரும்பணி. 1972 மே 22ஆம் திகதி இலங்கை குடியரசாயிற்று. கடைசி மகாதேசாதிபதியாயிருந்த வில்லியம் கொபல்லாவவே முதலாவது ஜனாதிபதியுமானார். ஆள் மாறவில்லை, பெயர் மாறிற்று, முடியின் நிழல் அகன்றது. ஏகாதிபத்தியத்தின் கடைசிச் சின்னமொன்று அகற்றப்பட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்த 1972ஆம் ஆண்டு யாப்பைப் பற்றி இடதுசாரிகளாகிய நாம் நேர்மையாகப் பேச வேண்டிய கடப்பாடு உண்டு. அதன் பிரதான சிற்பியாயிருந்தவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. சகல அதிகாரமும் தேசிய அரசுப் பேரவை ஒன்றிலேயே குவிக்கப்பட்டது. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் பரிசீலிக்கும் வழி அடைக்கப்பட்டது. சிறுபான்மையோருக்கு எதிரான பாரபட்சச் சட்டங்களைத் தடுக்கவென சோல்பரி யாப்பிலிருந்த 29ஆம் பிரிவின் காப்பீடு கைவிடப்பட்டது. சிங்களம் ஒன்றே அரச கரும மொழி என்பதும் பௌத்தத்துக்கு முதன்மைத் தானம் என்பதும் யாப்பிலேயே பொறிக்கப்பட்டன. தமிழரசுக் கட்சி 1971இலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறிற்று. போதாக்குறைக்கு, 1970இல் ஐந்தாண்டுகளுக்கெனத் தெரிவான சபை தன் ஆயுளைத் தானே நீட்டி 1977 வரை வாழ்ந்தது.

பெரும்பான்மை கிடைத்தால் எதையும் செய்யலாம் என்ற பாடத்தை 1978ஆம் ஆண்டின் ஆட்சியாளர் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. அத்திவாரம் முன்னரே இடப்பட்டிருந்தது. அதன் மீது சிம்மாசனத்தை ஏற்றுவதே எஞ்சியிருந்தது.

அந்தச் சிம்மாசனத்தின் வரைபடம் வெகு காலத்துக்கு முன்னரே வரையப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது. 1966 டிசம்பரில் இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்திலே உரை நிகழ்த்திய ஜே. ஆர். ஜயவர்த்தனா, சட்டசபையின் விருப்பு வெறுப்புகளுக்கு உட்படாமல், குறித்த காலம் நிலைத்து நின்று, மக்கள் விரும்பாத முடிவுகளையும் அஞ்சாது எடுக்கவல்ல நிர்வாகத் தலைமையொன்று வேண்டுமென வாதித்தார். 1971இல் அரசியல் நிர்ணய சபையிலும் இந்த யோசனையைக் கொணர்ந்தார், அது ஏற்கப்படவில்லை. அவருடைய சொந்தக் கட்சித் தலைவரான டட்லி சேனநாயக்காவே அதனை விரும்பவில்லை. மக்கள் விரும்பாத முடிவுகள் எவை, அவற்றை யாருக்காக எடுப்பது? இவ்வினாவுக்கு 1977இன் பின்னரே விடை கிடைத்தது.

1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றிற்று. அது பெற்ற வாக்குகளோ ஏறத்தாழ நூற்றுக்கு 51. பாதி வாக்கு ஆறில் ஐந்து பங்கு ஆசனமாயிற்று. சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓர் ஆசனமேனும் இல்லை. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே 1972ஆம் ஆண்டு யாப்பு திருத்தப்பட்டது. 1978 பெப்ரவரி 4ஆம் திகதி ஜயவர்த்தனா நிறைவேற்று ஜனாதிபதியானார். அப்பதவிக்கென எந்தத் தேர்தலிலும் அவர் அதுகாறும் போட்டியிட்டதில்லை. செப்டெம்பர் 7ஆம் திகதி புதிய யாப்பு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்கு வழி திறக்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. உணவு மானியங்கள் படிப்படியாகக் குறைந்தன. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த அரச ஊழியர்கள் பல்லாயிரவர் ஒரே வீச்சில் வேலையிழந்தனர். அந்நிய மூலதனத்துக்கு ‘ஸ்திரமான’ ஆட்சி வேண்டும். ஸ்திரம் என்பதன் பொருள், வயிறு காய்ந்த தொழிலாளியின் குரல் பாராளுமன்றத்தின் வழியாக வந்து ஆட்சியை அசைக்காதிருத்தல் என்பதே. நிறைவேற்று ஜனாதிபதிப் பதவியும் திறந்த பொருளாதாரமும் ஒரே கருவிற் பிறந்த இரட்டையர் என நாம் கூறுவது இதனாற்றான். இதன் ஆபத்தை அன்றே இனங்கண்டு விரிவாக எழுதியவர்களுள் என். எம். பெரேரா ஒருவர். புதிய யாப்பைப் பற்றிய அவருடைய விமர்சன நூல் 1979இல் வெளிவந்தது.

இனி, பனுவலுக்கு வருவோம். 30ஆம் உறுப்புரை ஜனாதிபதியை அரசின் தலைவராகவும், நிர்வாகத்தின் தலைவராகவும், அரசாங்கத்தின் தலைவராகவும், ஆயுதப் படைகளின் தளபதியாகவும் ஒரே மூச்சிலே ஆக்குகிறது. மூல வடிவத்தின்படி அவர் மந்திரிகளை நியமிப்பார், நீக்குவார். விரும்பிய எந்த இலாகாவையும் தமக்கே ஒதுக்கிக்கொள்வார். ஓராண்டு கழிந்ததும் பாராளுமன்றத்தைக் கலைப்பார். உயர் நீதிமன்ற நீதியரசரை நியமிப்பார். அவரை நீக்குவதற்கோ பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றப்பிரேரணைக்கு இசைய வேண்டும். உயர் நீதிமன்றம் விசாரித்துக் குற்றவாளியெனக் காண வேண்டும். பின்னர் மீண்டும் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களிக்க வேண்டும். 1991இல் பிரேமதாசாவுக்கு எதிராக இம்முயற்சி எடுக்கப்பட்டபோது அவர் பாராளுமன்றக் கூட்டத் தொடரையே நிறுத்திவைத்தார். பிரேரணை கருவிலே மாண்டது. குற்றஞ் சாட்டப்பட்டவரே நீதிமன்றத்தின் கதவைப் பூட்டும் உரிமை பெற்றிருந்தார் என்றால் அஃது எத்தகைய நீதி?

இப்பனுவலின் மிகக் கொடிய வரிகள் 35ஆம் உறுப்புரையிலே உள்ளன. ஜனாதிபதி பதவியிலிருக்கும் வரை, பதவி முறையிலோ தனிப்பட்ட முறையிலோ அவர் செய்ததும் செய்யாது விட்டதுமான எதற்காகவும் எந்த நீதிமன்றத்திலும் அவருக்கெதிராக வழக்குத் தொடர முடியாது என்பதே அதன் மூல வடிவம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இவ்வுறுப்புரைக்கு அருகே வைத்துப் பார்ப்போம். கணவனை இழந்த ஒரு வணிகப் பெண் அரண்மனை வாயிலை அடைகிறாள். வாயிலோன் அவளைத் தடுக்கவில்லை. உள்ளே சென்று அறிவிக்கிறான். மன்னன் தன் சொந்த அவையிலே எதிரியாக நின்று விடையளிக்கிறான். சிலம்பு உடைகிறது, சான்று பேசுகிறது, மன்னன் தன் பிழையை ஒப்பி வீழ்ந்து மடிகிறான். அது காவியம், வரலாறு அன்று என்பதை நாம் அறிவோம். முடியாட்சிக் காலத்து மன்னர் யாவரும் அப்பாண்டியனைப் போன்றவராய் இருந்தனர் என நம்பும் பேதைமை நமக்கில்லை. எனினும் அரசனும் வழக்குக்கு உட்பட்டவனே என்ற எண்ணத்தையேனும் அந்த நிலமானியச் சமுதாயத்துப் புலவன் ஓர் இலட்சியமாகப் போற்றினான். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாகவும் தமிழ் மக்கள் கண்ணகை அம்மனாகவும் இன்றும் வழிபடும் அப்பெண் 1978இன் பின் கொழும்புக்கு வந்திருப்பாளாயின், வாயிலோன் அவளை உள்ளே விட்டிருக்க மாட்டான். 35ஆம் உறுப்புரையைப் படித்துக் காட்டித் திருப்பி அனுப்பியிருப்பான்.

இது வெறும் கற்பனை அன்று. 2000 டிசம்பரில் மிருசுவிலிலே சிறுவர் உட்பட எட்டுத் தமிழர் கொல்லப்பட்டனர். 15 ஆண்டுகளின் பின்னர், 2015இல், இராணுவத்தைச் சேர்ந்த ஒருவர் குற்றவாளியெனக் காணப்பட்டு மரண தண்டனை பெற்றார். 2019இல் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. இந்நாட்டிலே படையினர் புரிந்த கொலைகளுள் தீர்ப்பு வரை சென்றவை மிகச் சில, அவற்றுள் இஃதொன்று. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ ஒரே ஒப்பத்தினால் அவரை விடுதலை செய்தார். இங்கே நீதிமன்றம் கைவிடவில்லை; சாட்சிகளும் தளரவில்லை. 15 ஆண்டு நீதியை அழிக்க ஒரு பேனை போதுமாயிருந்தது. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம், ஜனாதிபதியின் பதவி முறைச் செயல்களுக்காகச் சட்டமா அதிபரை எதிரியாக்கி அடிப்படை உரிமை வழக்குத் தொடரும் ஒடுங்கிய வழியொன்றைத் திறந்திருந்தது. அவ்வழியாலேயே, 2021இல் அரசியல்வாதியொருவருக்கு அளிக்கப்பட்ட மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. தளை ஒன்று இட்டால் அது பயன் தரும் என்பதற்கு இது சான்று.

இப்பதவிக்குச் சார்பாகக் கூறப்படும் நியாயங்களை நாம் புறக்கணித்துச் செல்லலாகாது. அவை பிரதானமாக மூன்று.

முதலாவது, ஸ்திரம். 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலிலே ஜயவர்த்தனா நூற்றுக்கு 52.91 வாக்குகள் பெற்று வென்றார். அவருடைய பிரதான எதிரியாகப் போட்டியிட்டிருக்கக்கூடிய ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் 1980இலேயே பறிக்கப்பட்டிருந்தன. அவ்வெற்றியின் பின் பாராளுமன்றத் தேர்தல் நடந்திருப்பின், விகிதாசார முறையில் ஆளுங்கட்சி ஆறில் ஐந்து பங்கை இழந்திருக்கும். ஆகவே தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வந்தது. டிசம்பர் 22ஆம் திகதி விளக்கும் குடமும் சின்னங்களாயின. விளக்கு வென்றது, நாடு இருண்டது. ஆளுங்கட்சி உறுப்பினரிடமிருந்து திகதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்களை ஜனாதிபதி முன்கூட்டியே பெற்று வைத்திருந்தார். 1977இல் தெரிவான சபை 11 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இந்த ஸ்திரமான ஆட்சியின் நடுவேதான் 1983 ஜூலை வந்தது. தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்தபோது, முப்படைகளின் தளபதியானவர் மக்களுக்கு உரையாற்ற நாட்கள் சில எடுத்தார். உரையாற்றியபோதும் பாதிக்கப்பட்டோருக்கு ஆறுதலாக ஒரு சொல் சொன்னாரில்லை. வடக்கிலே நெடும் போர். தெற்கிலே 1987 முதல் 1989 வரை இளைஞரின் இரத்தம். பாராளுமன்றத்தில் குரல் எழுப்பும் வழி அடைபட்ட நாட்டிலே இவை நிகழ்ந்தமை தற்செயலன்று.

இரண்டாவது, விரைந்த அபிவிருத்தி. ஒருவர் முடிவெடுத்தால் காரியம் விரைவில் நடக்கும் என்பர். உண்மை, தவறான காரியமும் விரைவிலேயே நடக்கும். 2021 மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தலொன்றால் இரசாயன உரத்தின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. பொலன்னறுவையிலும் கிளிநொச்சியிலும் வயல் உழுதவனைக் கேட்டவர் இல்லை. பேராதனையிலே விவசாயம் கற்பிப்பவர்களின் எச்சரிக்கைக்குச் செவி சாய்த்தாரும் இல்லை. நவம்பரில் தடை தளர்த்தப்படுவதற்குள் விளைச்சல் கெட்டுவிட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென நாடு கையை விரித்தது. ஒரு சபையிலே வாதித்துத் தாமதமாக எடுக்கப்படும் முடிவு, ஒருவர் விரைந்து எடுக்கும் முடிவைவிடப் பெரும்பாலும் மலிவானது என்பதை இந்நாடு பட்டினி கிடந்தே கற்றது.

மூன்றாவது நியாயமே நம்மவரிடையே செல்வாக்குப் பெற்றது. தீவு முழுவதும் ஒரே தொகுதியாவதால், ஜனாதிபதி அபேட்சகர் தமிழரதும் முஸ்லிம்களதும் மலையக மக்களதும் வாக்குகளை நாடியே தீர வேண்டும். ஆதலால் இப்பதவி சிறுபான்மையோருக்கு அரண் என்பது அவ்வாதம். கற்றறிந்தோரும் இதனை ஒருகாலத்தில் நம்பினர். பேராசிரியர் ஏ. ஜே. வில்சன் 1980இல் வெளிவந்த தமது நூலிலே இம்முறையை டி கோலின் பிரான்சிய அமைப்புக்கு ஆசியாவில் தோன்றிய வடிவமாகக் கண்டு ஆராய்ந்தார். சில பேரங்கள் பலித்தமையும் உண்மையே. தொண்டமான் 1978இல் மந்திரியானார். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தொழிலாளர் பலர் பிரஜாவுரிமை பெற்றனர். அதே ஆண்டில் முஸ்லிம் காங்கிரசின் வேண்டுகோளுக்கு இணங்கி, பாராளுமன்ற ஆசனத்துக்கு வேண்டிய வெட்டுப்புள்ளி நூற்றுக்கு 12.5இலிருந்து 5ஆகக் குறைக்கப்பட்டது.

ஆனால் பேரத்திலே கிடைப்பது வரம், உரிமை அன்று. கொடுத்தவர் மனம் மாறினால் வரம் மாறும். 2019 நவம்பர்த் தேர்தலில் வடக்கும் கிழக்கும் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தும் கோட்டாபய ராஜபக்ஷ நூற்றுக்கு 52.25 பெற்று வென்றார்; சிங்கள மக்களின் வாக்குகளாலேயே வெல்ல முடியுமென அறிந்திருந்ததாக அனுராதபுரத்திலே பதவியேற்றபோது அவரே கூறினார். அரண் என்று சொல்லப்பட்டது அன்றே தகர்ந்தது. கொரோனா நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் அவர்தம் சமயத்துக்கு மாறாகக் கட்டாயமாக எரிக்கப்பட்ட காலத்திலேயே, 2020 ஒக்டோபரில், ஜனாதிபதியின் அதிகாரங்களை மீண்டும் பெருக்கிய 20ஆவது திருத்தத்துக்கு எதிரணியின் முஸ்லிம் உறுப்பினர் சிலரும் கையுயர்த்தினர். தலைவர்கள் பேரம் பேசினர், மக்கள் எரிந்தனர். மாகாண சபைகளின் கதையும் இதனையே உணர்த்தும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குச் சபைகளைக் கொடுத்தது. அவற்றின் மீது ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரையும் வைத்தது. 2013இல் முதன்முறையாகத் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக அங்கே ஆளுநரே ஆண்டார். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வைத்துக்கொள்ளும் வித்தை இதுவே.

இப்பதவியை ஒழிப்போம் என்ற வாக்குறுதியின் வரலாறும் ஒரு தனிக் காவியம். 1994இல் சந்திரிகா குமாரதுங்கா நூற்றுக்கு 62.28 வாக்குகளோடு வென்றார். 1995 ஜூலை 15ஆம் திகதிக்குள் ஒழிப்பதாக எழுத்திலே வாக்களித்திருந்தார். அத்திகதி வந்து போயிற்று. 2000 ஓகஸ்டில் அவர் கொணர்ந்த புதிய யாப்பு மசோதாவில் தம் பதவிக்கால எச்சத்துக்கு அதிகாரத்தை வைத்துக்கொள்ளும் இடைக்கால ஏற்பாடும் இருந்தது. எதிர்க்கட்சியினர் மசோதாவின் பிரதிகளைப் பாராளுமன்றத்திலேயே கொளுத்தினர். 2001இல் அரசியலமைப்புப் பேரவையை உண்டாக்கிய 17ஆவது திருத்தம் நிறைவேறிற்று. பின்னர் அப்பேரவை நியமிக்கப்படாமலே செயலிழந்தது. 2010 செப்டெம்பரில் 18ஆவது திருத்தம், இரு தவணை என்ற எல்லையையும் அகற்றிற்று. ஆதரவாக 161 வாக்குகள், எதிராக 17. அந்த 161இலே சமசமாஜக் கட்சியினதும் கம்யூனிஸ்ட் கட்சியினதும் வாக்குகளும் இருந்தன என்பதை எழுத நமது கை கூசுகிறது. எழுதாதிருப்பது அதனினும் பெரிய இழிவு. என். எம். பெரேராவின் கட்சி அவருடைய நூலுக்கு எதிராக வாக்களித்த நாள் அது.

2015இல் மாதுலுவாவே சோபித தேரரின் இயக்கத்தோடு மைத்திரிபால சிறிசேனா வந்தார். 19ஆவது திருத்தம் சில தளைகளை இட்டது: ஐந்தாண்டுத் தவணை, இரு தவணை எல்லை, நாலரை ஆண்டுக்கு முன் பாராளுமன்றத்தைக் கலைக்கத் தடை. தளையிட்டவரே 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி பிரதம மந்திரியை நீக்கி வேறொருவரை அமர்த்தினார். நவம்பரில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர் ஒருமனதாக அக்கலைப்பு யாப்புக்கு முரணானது எனத் தீர்த்தனர். இத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக வாக்குத் தவறினர் என்றால், அதனை மனித இயல்பின் பலவீனமாக மாத்திரம் விளக்குவது விமர்சனமாகாது. எதிரணியில் நிற்கும்போது இப்பதவி கொடுங்கோன்மை. ஆட்சிக்கு வந்ததும் அதுவே வசதி. கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை நிறைவேற்றவும், தொழிற்சங்கங்களை அடக்கவும், இனப்பிரச்சினையைத் தீர்க்காது தள்ளிப் போடவும் இதனைவிடச் சிறந்த கருவி ஆளும் வர்க்கத்துக்கு வாய்க்கவில்லை.

2022ஆம் ஆண்டு இவ்வுண்மையை வெட்டவெளியாக்கிற்று. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற மக்கள் ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகையினுள் புகுந்தனர். மூன்றில் இரண்டு பங்கு முறை இருமுறை கேட்ட யாப்பு செய்ய முடியாததை வீதி செய்தது. அதிபதி மாலைதீவுக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் சென்று பதவி துறந்தார். ஆனால் ஆசனம் அங்கேயே இருந்தது. 40ஆம் உறுப்புரையின்படி ஜூலை 20ஆம் திகதி பாராளுமன்றத்தில் 134 வாக்குகள் ரணில் விக்கிரமசிங்கவை அதிலே அமர்த்தின. அவரோ 2020 தேர்தலில் தம் ஆசனத்தை இழந்து, கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் இடத்தால் சபைக்கு வந்தவர். இரு நாட்களில் காலிமுகத்திடலின் போராட்டக் களம் விடியுமுன் படைகளால் கலைக்கப்பட்டது. அடுத்த மாதம் மாணவர் தலைவர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லையென்று நிறுத்தப்பட்டது. அதனால் வாக்காளரின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்த்தது. ஆளை விரட்டி ஆசனத்தை விட்டு வைத்ததன் பலன் இதுவே.

2024 செப்டெம்பரில் அனுர குமார திசாநாயக்கா வென்றார். முதல் எண்ணிக்கையில் நூற்றுக்கு 42.31 பெற்று, விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டே அவர் தெரிவானார். இவ்வாறு எண்ண நேர்ந்தமை இதுவே முதன்முறை. நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. புதிய யாப்பின் வழியாக இப்பதவியை ஒழிப்போம் என்பது அவர்களின் விஞ்ஞாபனத்திலும் இருந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட பலத்தோடு இவ்வாக்குறுதியைத் தாங்கி ஓர் அரசாங்கம் வந்தமை, முன்னையோர் கூறிய சாக்குகளுள் பெரியதொன்றை இல்லாதாக்கிற்று.

ஆயினும் ஒழிப்பு என்ற சொல்லோடு நாம் நின்றுவிடுதல் ஆபத்தானது. ஜனாதிபதியின் அதிகாரம் அனைத்தையும் அப்படியே எடுத்துக் கொழும்பிலுள்ள ஒரு பிரதம மந்திரியின் கையிலும் ஒரு பெரும்பான்மையின் கையிலும் ஒப்படைத்தால், நாம் 1972க்கே திரும்புவோம். 1978 மீண்டும் வர அதிக காலம் ஆகாது. நிர்வாகம் தெரிவு செய்யப்பட்ட சபைக்கு நாள்தோறும் பொறுப்புக் கூற வேண்டும். மன்னிக்கும் அதிகாரம் காரணங் கூறும் கடமைக்கும் நீதிமன்றத்தின் பரிசீலனைக்கும் உட்பட வேண்டும். ஆளுநர் என்ற குட்டி அதிபதி ஒழிந்து, மாகாணத்தின் அதிகாரம் அங்கு தெரிவானவர் கையிலே பறிக்கவொண்ணாதபடி இருத்தல் வேண்டும். சட்டம் சிறுபான்மையோரின் உரிமையை மீறுமாயின் அதனைத் தள்ளிவைக்கும் வலு நீதிமன்றத்துக்கு வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்ற கருவிகள் நீடிக்கும்வரை எந்தப் பதவியின் பெயர் மாற்றமும் பொருளற்றது.

இவற்றைக் கேட்பது யாருடைய பணி? அரசாங்கங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைத்தோம். 1995 ஜூலை 15 முதல் அதன் விளைவைக் கண்டோம். சிங்களத் தொழிலாளியும் தமிழ் விவசாயியும் மலையகத் தோட்டத் தொழிலாளியும் முஸ்லிம் மீனவனும் தத்தம் தலைவருக்காகப் பேரம் பேசாது, ஒன்றுபட்டுத் தம் உரிமைக்காகக் கேட்கும்போதே இது நிறைவேறும். ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பங்குண்டு. குடியுரிமைக் கல்விப் பாடத்திலே ஜனாதிபதியின் அதிகாரங்களைப் பட்டியலாக மனனஞ் செய்வித்துப் பரீட்சைக்கு அனுப்புகிறோம். அப்பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது யாருக்கு எதிராக எப்போது பயன்பட்டது என்ற வினாவை எழுதும்படி மாணவரைப் பழக்குவோமாக. யாப்பின் தமிழ்ப் பிரதியை வகுப்பறைக்குக் கொண்டு செல்வோம். 30ஆம், 35ஆம், 40ஆம் உறுப்புரைகளை அவர்களே வாசித்து விவாதிக்கட்டும். நாளை வாக்களிக்கப் போகும் அவர்கள், அடுத்த நல்ல நாயகன் யார் என்று கேட்பதை விடுத்து, நாயகனில்லாத யாப்பு ஒன்று எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கினால், நமது கற்பித்தல் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.